நல்ல கருத்துகள் மட்டும்

அரியலூர்
10 ஜூன் 2024

திரு. கொளஞ்சி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டு முகவரி எனக்குத் தெரியாததால் கடை முகவரிக்கு எழுதுகிறேன். என் தொலைபேசி எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் வேறு வழியும் இல்லை.

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் ‘பொன் விளையும் மனம்’ புத்தகத்தை உங்கள் செலவில் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகஸ்டில் நடக்கும் விழாவுக்கு நீங்கள்தான் சிறப்பு விருந்தினர். அன்று ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள். மாணவர்கள், ஊழியர்கள் என்று புத்தகத்தைப் படித்தவர்களிடம் கருத்து வாங்கி அதைத் தொகுக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். தாளாளர் எனக்கு இட்ட கட்டளை ஒரே வரி. “நல்ல கருத்தா மட்டும் போடுங்க சார்.”

இது உங்கள் ஏற்பாடா என்று தெரிந்துகொள்ளவே எழுதுகிறேன். அரசுக் கல்லூரி விரிவுரையாளர் பட்டியலில் என் பெயர் இல்லை என்று தெரிந்த வாரம், நீங்கள் ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வேறொன்றும் பேசாமல் இதே புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனீர்கள். முதல் பக்கத்தில் ‘எண்ணத்தை மாற்று, எல்லாம் மாறும்’ என்று பச்சை மையில் எழுதியிருந்தீர்கள். பொருளாதாரத்தில் எம்.ஃபில். முடித்தவனுக்கு, காலையில் கண்ணாடி முன் நின்று கேட்டால் செல்வம் வரும் என்று சொல்லும் புத்தகம். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அந்தப் பச்சை மையை மறக்கவில்லை.

தாளாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி இந்த வேலையிலிருந்து என்னை விடுவிக்க முடியுமானால் நன்று.

இப்படிக்கு,
மணிவண்ணன்


பெரம்பலூர்
17 ஜூன் 2024

மணி,

உறையைப் பார்த்ததும் பேங்க் கடிதம் என்று நினைத்துக் கணக்கு எழுதும் மாயவனிடம் தள்ளிவிட்டேன். அவர் படித்துவிட்டு, “ஓனர், இது பேங்க் இல்லீங்க. யாரோ உங்கள மரியாதையா திட்டியிருக்காங்க” என்று திருப்பிக் கொடுத்தார். திருச்சி விடுதியில் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவர்கள் நாம். இந்த ‘நீங்கள்’ எதற்கு?

சத்தியமாக என் ஏற்பாடு இல்லை. நீ இன்னும் அந்தக் கல்லூரியில்தான் இருக்கிறாய் என்பதே எனக்குத் தெரியாது.

உன் எண்ணை ஏன் தடுத்தேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். என்னுடைய சொட்டுநீர்க் குழாய்க் கடை திறப்பு விழாவில் நீயாகப் போய் மைக்கை வாங்கினாய். “இந்தக் கடையைக் கட்டியது எந்தப் புத்தகமும் அல்ல, அரசாங்க மானியம்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். என் மாமனார்கூடச் சிரித்தார், பேராசிரியர் சொல்கிறாரே என்று. நீ சொன்னது பொய் இல்லை. மானியம் வாங்கினேன், எங்கள் ஆட்களுக்கு உரிய மானியம். ஆனால் உன் அப்பாவின் முந்திரித் தோப்பைச் சொல்லி யாராவது உன்னை மேடையில் அறிமுகப்படுத்தியிருக்கிறார்களா? தோப்பை விற்றுத்தானே உன்னைப் படிக்க வைத்தார்?

அந்தப் புத்தகத்தில் பாதி கதை என்று எனக்கும் தெரியும். கண்ணாடி விஷயத்தை ஒரே ஒரு நாள் செய்தேன். சத்யப்பிரியா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “யாருகிட்டங்க கடன் கேக்குறீங்க?” என்றாள். அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அதுவரை நான் படித்த புத்தகம் எல்லாம் எனக்கு என்ன தெரியவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. இதுதான் உனக்கு என்னப்பா வேண்டும் என்று கேட்டது. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. உனக்கு அது சின்ன விஷயமாக இருக்கலாம்.

வந்த கருத்துகளை எல்லாம் எனக்கு அனுப்பு. திட்டியிருப்பதை முதலில் வை.

கொளஞ்சி


அரியலூர்
29 ஜூன் 2024

கொளஞ்சி,

தோப்பைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம். எழுதிவிட்டாய், போகட்டும்.

கருத்துகள் வர வர எனக்கே சுவாரஸ்யமாகிவிட்டது. கல்லூரிப் பேருந்தை ஓட்டும் அரியமுத்து எழுத மறுத்து வாயால் சொன்னார். “சார், மொத பக்கத்துலேர்ந்து அந்தாளு என்னய நண்பரே நண்பரேங்குறாரு. எங்க காசு கேட்டுப்புடுவாரோன்னு பயந்துகிட்டேதான் படிச்சேன். கடைசி வரைக்கும் கேக்கல சார். நல்ல மனுசன்.” கேன்டீனில் இருக்கும் சிந்தாமணிக்கு அவர் மகள் படித்துக் காட்டினாளாம். “தெனம் காலையில எனக்கு என்னா வேணும்னு சத்தமா கேக்கச் சொல்லுதுங்க. நானும் இந்தக் கேன்டீனுக்கு ஒரு மிக்சி வேணும்னு வந்த நாள்லேர்ந்து கேக்குறேன். சத்தம் பத்தலபோல.”

வணிகவியல் படிக்கும் அறிவழகன் திக்கிப் பேசுகிறவன். தினமும் கண்ணாடி முன் நின்று சத்தமாகப் படித்துப் பழகினேன், இப்போது வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறான். இதை நான் ஒப்புக்கொள்ள விரும்பவில்லை. ஆனால் கேள்வி கேட்டது என் வகுப்பில்தான்.

மேகலா என்று ஒரு பெண், குன்னம் பக்கம் கிராமம். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

‘எங்கள் அப்பா ஒவ்வொரு வருஷமும் வெங்காயம் நடும்போது நல்லதைத்தான் நினைக்கிறார். அவரைவிட நம்பிக்கையாக ஒருவர் நினைக்க முடியாது. போன வருஷம் மழையில் எல்லாம் அழுகிவிட்டது. நாம் நினைப்பதுதான் நமக்கு நடக்கிறது என்று இந்தப் புத்தகம் சொல்கிறது. அப்படியானால் அழுகியதும் அவர் நினைத்ததுதான் என்று ஆகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.’

இத்தனை வருஷம் வகுப்பறையில் நான் சுற்றிச் சுற்றிச் சொன்னதை இந்தப் பெண் ஆறு வரியில் எழுதிவிட்டாள். இது அச்சில் வர வேண்டும், கொளஞ்சி. எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நீயே தாளாளரிடம் சொல்லலாமே என்று கேட்பாய். இங்கே வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எங்கள் அத்தனை பேரின் படிப்பும் தாளாளர் அறையில் இருக்கிறது. வேறு இடத்துக்கு விண்ணப்பம் போட நகல் போதும். சேர அசல் வேண்டும். கேட்டவர்கள் உண்டு, அடுத்த வருஷம் அவர்களுக்கு வேலையும் இல்லை, சான்றிதழும் உடனே வரவில்லை. பதினெட்டு வருஷமாக நான் கேட்கவில்லை. இது உன்னோடு இருக்கட்டும். நீ சிறப்பு விருந்தினர், நீ சொன்னால் கேட்பார்கள். மலரைப் பற்றி மட்டும் சொல்.

மணி


பெரம்பலூர்
8 ஜூலை 2024

மணி,

மேகலா எழுதியதை சத்யாவிடம் படித்துக் காட்டினேன். “இந்தப் புள்ளைக்கு நீங்க என்னா பதில் வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். புத்தகம் எனக்குப் பிடிக்கும். அந்தப் பெண் கேட்பதும் சரி. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் விழாவில் பேசப்போகிறேன்.

தாளாளருக்குப் போன் செய்தேன். வந்த எல்லாக் கருத்தும் அச்சாக வேண்டும், இல்லையென்றால் நான் வரமாட்டேன் என்று சொன்னேன். “நீங்க சொன்னா சரிங்க சார்” என்று உடனே ஒத்துக்கொண்டார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்ற தைரியத்தில் உன் சான்றிதழ் விஷயத்தையும் கேட்டுவிட்டேன். அப்படிச் செய்வது சட்டப்படி தப்பு, மணிவண்ணனுடையதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பார்க்கிறேன் என்றார்.

நீ கோபப்படுவாய். ஆனால் பதினெட்டு வருஷம் ஒருவன் கேட்காமலே இருந்தால் அது எப்படி வரும்? கேட்டால்தான் வரும். புத்தகம் சொல்கிற ஒன்றாவது உனக்குப் பயன்படட்டும்.

கொளஞ்சி


அரியலூர்
12 ஜூலை 2024

கொளஞ்சி,

கேட்டால் வரும் என்றாய். வந்தது.

அலுவலகத்தில் எல்லோரும் இருக்கும்போது தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

“என்னங்க சார், நம்ம பீரோ உங்கள ரொம்ப உறுத்துதோ?”

“புரியலீங்க.”

“பெரம்பலூர்லேர்ந்து போன் வருது, மணி சாரு சர்ட்டிபிகேட்டக் குடுத்துருங்கன்னு. நாங்க என்னா அடகுக் கடையா வச்சிருக்கோம்?”

கணக்குப் பிரிவில் யாரோ சிரித்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். என் வயசுக்கு அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. உன் கடையில் நீ உட்கார்ந்திருப்பவன்.

பிறகு அறைக்குள் அழைத்துப்போய் டீ வரவழைத்தார். அதுதான் இன்னும் மோசம். “உங்க எழுத்து எனக்குப் புடிக்கும் சார். மலரு உங்க கையால நல்லபடியா வந்துச்சுன்னா, விழா அன்னைக்கே உங்க ஃபைல உங்க கையில குடுத்துடுறேன். வேற எடம் பாக்குறதுன்னா தாராளமா பாருங்க. எல்லாக் கருத்தும் போடணும்னாரு உங்க கூட்டாளி. போட்டுருவோம். ஒரு பேரு விடாம போட்டுருவோம். நல்லபடியா இருக்கணும், அம்புட்டுதான்.”

எனக்குப் புரிந்தது. உனக்கும் புரியும்.

உனக்கு மட்டும் என்று சொன்னேன். மலரைப் பற்றி மட்டும் பேசு என்றும் எழுதினேன். உன்னால் ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு ஜெயங்கொண்டத்தில் புத்தகத்தைக் கொடுத்த அதே கைதான் இது. எனக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்காமலே கொடுக்கும் கை.

மணிவண்ணன்


பெரம்பலூர்
20 ஜூலை 2024

மணி,

தப்புதான். மன்னித்துக்கொள். உன்னைக் கேட்டுவிட்டுப் பேசியிருக்க வேண்டும். அந்த ஆள் டீ வாங்கிக் கொடுத்ததைப் படித்தபோது எனக்கே உடம்பு எரிந்தது.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். குன்னத்தில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புக்குப் பொருளாதார ஆசிரியர் பாதியில் போய்விட்டார். அங்கே நிர்வாகத்தில் இருப்பவர் என் கடையில் குழாய் வாங்குகிறவர். உன்னைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, ஆள் தேடுகிறார்களா என்று மட்டும் கேட்டேன். தேடுகிறார்கள். ஆகஸ்ட் 22 வரை பார்ப்பார்களாம். அசல் கொண்டுவர வேண்டும், ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். யாரும் எதையும் பூட்டி வைக்கமாட்டார்கள்.

சான்றிதழுக்காக அந்தக் கருத்துகளில் கை வைக்காதே. நான் ஒரு வக்கீலைக் கேட்டிருக்கிறேன். கடிதம் ஒன்று அனுப்பினால் போதும், கொடுத்துவிடுவார்கள் என்கிறார். உன் கையெழுத்து மட்டும் வேண்டும். இந்தத் தடவை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். பதில் போடு.

கொளஞ்சி


பெரம்பலூர்
10 ஆகஸ்ட் 2024

மணி,

நீ பதில் போடவில்லை. நேற்று விழாவில் கடைசி வரிசையில் உன்னைப் பார்த்தேன். நான் மேடையிலிருந்து இறங்குவதற்குள் நீ இல்லை.

மலரை மேடையில் உட்கார்ந்தே புரட்டினேன். ஒரு பெயரும் விடுபடவில்லை. ‘முன்பின் தெரியாத என்னை நண்பனே என்று அழைத்த முதல் நூல் இது’ என்கிறார் அரியமுத்து. சிந்தாமணி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதாம். அறிவழகன் எழுதியது மட்டும் அப்படியே இருக்கிறது, அதை மாற்றத் தேவைப்படவில்லை போலிருக்கிறது. மேகலா பெயருக்குக் கீழே, ‘என் தந்தை மண்ணில் விதைப்பதற்கு முன்னே மனத்தில் விதைக்கக் கற்றுக்கொண்டார்’ என்று தொடங்கி அரைப் பக்கம். விடுதியில் எனக்குக் காதல் கடிதம் எழுதிக் கொடுத்தவனின் நடை எனக்குத் தெரியாதா?

நான் பேச வைத்திருந்ததைப் பேச முடியவில்லை. பதில் சொல்ல வேண்டிய கேள்வியே மலரில் இல்லை. ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுக்குப் போகும்போது அந்தப் பெண்ணே வந்தாள்.

“சார், நான் இப்புடி எழுதலீங்க சார்.”

“தெரியும்மா.”

“ஆனா நல்லாத்தான் இருக்கு. நேத்தே ஒண்ணு குடுத்தாங்க, வூட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பா நாலு பேருகிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டுட்டாரு. நெசமாவே எம் மனசுலதான் ஏதோ கோளாறு இருந்திருக்கு, அதான் அழுவிப்போச்சுங்குறாரு. இந்த வருசம் வெங்காயம் நடுறப்ப தப்பா எதயும் நெனக்கமாட்டேன்னு சொல்லிக்கிட்டு திரியுறாரு சார். நான் என்னா சொல்லட்டும் அவருகிட்ட?”

நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்று நீ கேட்காதே. நீ என்ன சொல்வாய், அதை எழுது.

கொளஞ்சி


அரியலூர்
14 ஆகஸ்ட் 2024

கொளஞ்சி,

மேகலாவை வகுப்பில் தினமும் பார்க்கிறேன். அவளும் என்னைப் பார்க்கிறாள். எழுதியது நான்தான் என்று தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்பிகா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது எழுதினேன். அந்தப் புத்தகத்தை எதிரில் திறந்து வைத்துக்கொண்டேன், நடை பிடிபடுவதற்காக. கொஞ்ச நேரத்தில் புத்தகம் தேவைப்படவில்லை. வாக்கியங்கள் தாமாக வந்தன. என் ஆய்வேட்டுக்கு ஒரு பக்கம் எழுத நான் பட்ட பாடு உனக்குத் தெரியும், விளக்கை அணைக்கச் சொல்லித் திட்டுவாய். இது அப்படி இல்லை. மேகலாவுடையதைக் கடைசியாக வைத்திருந்தேன். அதைத்தான் மிக வேகமாக எழுதினேன். எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்து ஒரு சொல்லை மாற்றினேன், இன்னும் நன்றாக இருக்கட்டும் என்று. உனக்கு ஏதாவது தெரிய வேண்டும் என்றால் இதைத் தெரிந்துகொள்.

தாளாளர் சொன்னபடி செய்தார். சான்றிதழ்கள் இப்போது என் வீட்டில், அரிசி டிரம்மின் மேல் இருக்கின்றன. எல்லாம் இருக்கிறது, ஓரம் கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. அம்பிகா பார்த்துவிட்டு, “இத வச்சிக்கிட்டு எங்கங்க போகப் போறீங்க?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மாத முடிவுக்குள் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். வேண்டுகிறவர்கள் அசலைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி சுற்றறிக்கை வந்திருக்கிறது. யாரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை.

குன்னத்தில் வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்வார்கள். என் மகன் வயதில் ஒருவன் பின் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு மதிப்பெண் போடுவான். ஒரு முறை ஒரு பட்டியலில் என் பெயரைத் தேடியிருக்கிறேன். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை.

மணி


பெரம்பலூர்
17 ஆகஸ்ட் 2024

மணி,

வரும் வியாழக்கிழமை, 22ஆம் தேதி, காலை எட்டரைக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்ட் முன்னால் வண்டியோடு நிற்பேன். ஃபைலை எடுத்துக்கொண்டு வா. குன்னம் போய் வகுப்பை எடு. கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் வழியில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். அப்புறம் நீயும் நானுமாக மேகலா வீட்டுக்குப் போய், அவள் எழுதிய ஆறு வரியை அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவோம். அந்த மனுஷன் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வெங்காயம் நடக்கூடாது.

வழியில் புத்தகத்தைப் பற்றிப் பேசமாட்டேன். சத்யா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன்.

கொளஞ்சி


அரியலூர்
23 ஆகஸ்ட் 2024

கொளஞ்சி,

நீ வந்திருந்தாய். வேட்டி கட்டியிருந்தாய். குன்னத்தில் மரியாதையாக இருக்கட்டும் என்று எனக்காகக் கட்டியிருப்பாய். வண்டியைப் பழக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஜெயங்கொண்டம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அந்தப் பக்கமிருந்து நடந்து வருவேன் என்று நினைத்தாய் போலிருக்கிறது.

எங்கள் கல்லூரிப் பேருந்து அங்கே நின்றுதான் ஆட்களை ஏற்றும். நான் அதற்கு முந்தைய நிறுத்தத்தில் ஏறியிருந்தேன். ஃபைல் மடியில் இருந்தது. அம்பிகா அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தாள், மழை வந்தாலும் நனையாமல் இருக்க. எங்கே போகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே ஏறி உட்காரும்வரை தெரியாது.

எல்லோரும் ஏறியபிறகு அரியமுத்து திரும்பிப் பார்த்து, “எறங்குறீங்களா சார்?” என்று கேட்டார். எதற்கு அப்படிக் கேட்கிறார் என்று யோசித்தேன். நான் எழுந்து நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

“இல்ல, நீங்க எடுங்க” என்றேன்.

வண்டி திரும்புவதற்கு நீ ஒதுங்கி வழி விட்டாய். ஜன்னலுக்கு வெகு அருகில் இருந்தாய். கண்ணாடியைத் தட்டியிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும்.

பதினொரு மணிக்கு ஒப்படைத்துவிட்டேன். ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். தாளாளர், “வாங்க மணி சார்” என்றார். அவ்வளவுதான். அவருக்கு ஆச்சரியமாக இருந்ததாகத் தெரியவில்லை. மாணவர் சேர்க்கை விளம்பரத்துக்கு மேகலாவின் வரியைப் பேனராக வைக்கப்போகிறார்களாம், இன்னும் கொஞ்சம் சுருக்கித் தரச் சொன்னார். தருகிறேன் என்றேன்.

மேகலா வீட்டுக்கு நீ மட்டும் போய்விட்டு வா. அவள் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

எவ்வளவு நேரம் நின்றாய் என்று எழுது.

மணி